காது கேட்காதவள் கோட்டை பார்க்கப் போனது

எனக்குக் காது போனது விஷக் காய்ச்சலில். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிது. காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்த அன்று, கூரைமேல் ஒரு காக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதில் யாராவது வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றபடி உதடு அசைவதைப் பார்த்து, பாதி புரிந்து, பாதி யூகித்துக் காலம் ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். பேச்சு கம்மி. அவரோடு குடும்பம் நடத்தக் காது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஊரோடு இருப்பதற்குத்தான் தேவைப்பட்டது.

எங்கள் வேதக் கோயிலில் மாதர் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை முடிந்ததும், சங்கத்துப் பெண்களை ஒருநாள் வேலூருக்கு அழைத்துப்போய்க் கோட்டையைக் காட்டுவதாக உபதேசியார் ஏற்பாடு செய்தார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என் இடது காதில் கத்தினாள். என்னைவிடச் சின்னவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

"அக்கா! கோட்டை பாக்கப் போறோம்! மோட்டார் பஸ்ல! நீயும் வா!"

"காது கேக்காதவ வந்து இன்னா பண்ணப் போறேன்?"

"கோட்டைய கண்ணாலதான பாக்கணும்? நான் இருக்கேன் இல்ல, எல்லாத்தையும் சொல்றேன்!"

இரண்டு பேரும் பெயர் கொடுக்கப் போனபோது உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவளிடம் திரும்பி, "இவங்கள நீ பாத்துக்குவியாம்மா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்த உதடு, அதனால் தெளிவாகப் புரிந்தது. அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஏறியபின் ஓர் அதிசயம் நடந்தது. இன்ஜின் போட்ட சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. எல்லாப் பெண்களும் ஒருத்தி காதில் ஒருத்தி வாயை வைத்துக் கத்தினார்கள். கையை ஆட்டினார்கள், முகத்தைக் கோணினார்கள். எனக்குப் பின்னால் இருந்தவள் என் தோளைத் தட்டி, பாலாற்று மணலில் நடந்துபோன ஒட்டகத்தைக் காட்டினாள். நான் இன்னொருத்தியைத் தட்டிக் காட்டினேன். அந்த நேரத்துக்கு நானும் அவர்களில் ஒருத்தி.

பள்ளிகொண்டாவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. உறுமல் அடங்கியதும் எல்லோரும் அவரவர் இடத்தில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள். காதருகே வந்திருந்த முகங்கள் விலகிப் போய்விட்டன. வண்டி சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்று இருந்தது.

கோட்டையைச் சுற்றிக் காட்ட உபதேசியார் ஒரு பெரியவரைப் பேசி வைத்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டை, கையில் பிரம்பு, மேல் உதட்டை முழுக்க மூடிய வெள்ளை மீசை. அதைப் பார்த்ததுமே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உதடே தெரியவில்லை.

அகழிப் பாலத்தின் மேல் நின்று பிரம்பால் தண்ணீரைக் காட்டி அவர் வெகுநேரம் பேசினார். பெண்கள் வாயைப் பொத்தினார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள், கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னா சொன்னாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"முன்ன இதுல மொதல வுட்டிருந்தாங்களாம்!"

"அதுக்கா சிரிச்சீங்க?"

"அது வேற அக்கா. அப்புறம் சொல்றேன்."

அதற்குள் அவர் அடுத்த இடத்தில் அடுத்த கதையைத் தொடங்கியிருந்தார். அவளுக்கும் அதைக் கேட்க வேண்டும்தானே? எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் அவளுக்கு அந்தக் கதை போய்விடும். இரண்டு மூன்று தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "அப்புறம் சொல்றேன் அக்கா." பிறகு கேட்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் தலையாட்டும்போது தலையாட்டினேன், சிரிக்கும்போது சிரித்தேன்.

கோட்டைக்குள் இருந்த பழைய மகாலுக்கு எதிரே அவர் மறுபடி நின்று பேசினார். சிரிப்பு வருமென்று நான் முன்கூட்டியே முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர். சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, நேராக அந்தப் பெரியவரிடம் போனேன்.

"அய்யா, எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்துதான் புரிஞ்சிக்குவேன். உங்க மீச மறைக்குது."

என் குரல் எனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ! எல்லோரும் திரும்பினார்கள். அவர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மீசையை மேலே தூக்கிப் பிடித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். தோற்ற ராஜாவின் குடும்பத்தை இங்கேதான் சிறை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கல்யாணம் கட்டியதும் இந்தச் சுவருக்குள்ளேதான். ஊருக்குத் திரும்பாமலே பலர் செத்தார்கள். "புரிஞ்சுதாம்மா?" என்றார்.

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. கும்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் அவர் மீசையைப் பிடித்த கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். என் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்திருந்தாள். என்னை அழைத்து வந்தவள் அவள். என்னால் அவளுக்கு வெட்கம். அதற்குப்பின் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே நடந்தேன்.

கோட்டைக்குள் இருந்த கோயிலில் அப்போது சாமியும் இல்லை, பூசையும் இல்லை. கல் மண்டபம் சும்மா கிடந்தது. குதிரைமேலும் யாளிமேலும் வீரர்கள் ஏறி நிற்கும் தூண்கள். அண்ணாந்து பார்த்தேன். மேற்கூரையில் ஒரு பெரிய கல் தாமரை, அதைச் சுற்றிக் கல் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இதற்கு விளக்கம் தேவையில்லை. யாரும் எனக்குப் பாதியாகச் சொல்ல முடியாது. கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன்.

குனிந்தபோது மண்டபத்தில் யாரும் இல்லை.

கூப்பிட்டிருப்பார்கள். பத்துத் தடவை கூப்பிட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. வெளியே ஓடினேன். வெயிலில் வெறும் மைதானம். துணி சுமந்துபோன ஒருவரை நிறுத்தி, "ஆம்பூர்க்காரங்க கூட்டமா போனாங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னார். தமிழா துலுக்கா என்றுகூடத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்த எனக்குப் பதிலை வாங்கத் தெரியவில்லை. புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

மதில்மேல் ஏறினால் தெரியுமென்று படி ஏறினேன். அகழிக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் எங்கள் பஸ். பக்கத்தில் எங்கள் பெண்கள். எல்லோரும் கோட்டையைப் பார்த்துக் கையை வாயருகே குவித்து, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைத்தான். நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. முந்தானையை எடுத்து வீசினேன். ஒருத்தி பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

கீழே போனதும் ஒருவரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். ஊர் வந்து சேரும்வரை விடவில்லை. ஆனால் என் காதருகே வரவும் இல்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். மோட்டார் பஸ் ஒன்று தெருமுனையைக் கடந்தது. உள்ளே எங்கள் மாதர் சங்கம், சோற்று மூட்டைகளோடு. பயண அறிவிப்பைக் கோயிலில் ஞாயிறன்று வாசித்திருப்பார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தலை ஜன்னலில் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். அப்புறம் சட்டென்று அவள் முகம் மாறியது. பஸ் போய்விட்டது.

பொழுது சாய்ந்ததும் வந்தாள். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளே இழுத்து உட்கார வைத்தேன்.

"உங்கிட்ட யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் அக்கா! நீதான் வர மாட்டேன்னுட்டியோன்னு…"

"சரி வுடு. எங்க போனீங்க?"

"வாலாஜாபேட்டை."

"அங்க இன்னா பாத்தீங்க?"

அவள் என் இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்து, காதில் வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். தறிகளில் பட்டு ஓடியது, கடைத்தெருவில் ஒருத்தி விலை பேசிச் சண்டை போட்டது, ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்தது, ஊறுகாய் ஜாடி கவிழ்ந்து உபதேசியார் வேட்டி சிவந்தது, யார் யார் எதற்குச் சிரித்தார்கள் என்பது எல்லாம். தொண்டை கட்டிப்போய் இருமினாள். சுடுதண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி சொன்னாள்.

ஒன்றும் விடாமல் நான் முழுதாகக் கேட்ட பயணம் அதுதான், நான் போகாத பயணம்.