பின்கதவுக் கண்ணாடியை உடைத்தவர்

சுடலைமுத்து திருடர் அல்லர். அவரைத் திருடர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தென்காசியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். என் எழுத்தில் பிழை இருக்காது. அந்தப் புகார் மனுவிலும் ஒரு சந்திப்பிழைகூட இல்லை. உண்மை மட்டும்தான் இல்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வது எளிது… அவ்வளவுதான். இதில் துணிச்சல் எதையும் தேடாதீர்கள்.

என் மாமனார் நான்கு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் கிடந்தார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'சரி'. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி. வேண்டாம் என்பதற்கும் அவரிடம் இருந்தது அந்தச் சொல்தான். அதன் ஏற்ற இறக்கத்தையும் அவர் கண்ணையும் வைத்து அவர் என்ன சொல்கிறார் என்று கண்டுபிடிக்க ஒருத்தியால்தான் முடியும். நான்.

என் கணவருக்குச் சென்னையில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். அப்பாவை வெளியே அழைத்துப்போக எனக்குச் சிரமமாக இருக்கக் கூடாது என்று அந்த மின்சாரக் காரை வாங்கினார். உயரமான, சத்தமே போடாத வண்டி. பூட்டிவிட்டுப் போனாலும் உள்ளே ஏசி ஓடும்படி வைக்கலாம். அதை எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, "அரை மணி நேரந்தான் ஓடும். அப்புறம் தானா நின்னுரும். மறந்துராத," என்றார்.

நான் மறக்கவில்லை.

ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. சாரல் ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மாமாவுக்குக் கைகால் பயிற்சி முடித்து, வண்டியில் ஏற்றி, பெல்ட்டைப் போட்டேன். எப்போதும் எனக்குப் பின்னால்தான் உட்காரவைப்பேன். வீட்டுக்குப் போக வேண்டிய திருப்பத்தில் நான் திருப்பவில்லை. நேரே குற்றாலத்துக்கு விட்டேன்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு நான்கு ஆண்டுகளாக அந்தத் தண்ணீரில் நான் தலை நனைக்கவில்லை. காலையில் அவருக்குப் பல் துலக்கிவிட்டு, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். மாலையில் வந்ததும் மறுபடி துடைப்பது, ஊட்டுவது. அவர் மீது எனக்கு வெறுப்பு இருந்ததில்லை. அசதி இருந்தது. வெறும் அசதி… அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஐந்தருவியில் நிழல் இருந்த இடமெல்லாம் வண்டிகள் நின்றன. வெயிலில்தான் இடம் கிடைத்தது. ஏசியை வைத்தேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கைப்பையை முன் இருக்கையில் போட்டேன்.

"மாமா, இருவது நிமிசம். வந்துருதேன்."

"சரி," என்றார்.

அது எந்தச் சரி என்று நான் நின்று கேட்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் வரிசை நீண்டிருந்தது. ஒருவழியாக உள்ளே போய்த் தலையைக் கொடுத்தேன். பிடரியில், தோளில், முதுகில் தண்ணீர் இடித்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. நான் அழுதேன். அழுவது யாருக்கும் தெரியாத இடம் அது!

ஈரச்சேலையோடு திரும்பி வந்தபோது ஒரு வண்டி அலறிக்கொண்டிருந்தது. என் வண்டி.

பின்பக்கத்து இடது கண்ணாடி இல்லை. கதவு திறந்திருந்தது. இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இருவர் சட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அவருடைய வலக்கையிலிருந்து இரத்தம் வழிந்தது. எதிரே மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த தள்ளுவண்டி ஆளில்லாமல் நின்றது. உள்ளே மாமா தலை சாய்ந்து, வியர்வையில் நனைந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எம்மா, இது ஒங்க வண்டியா?" என்று பிடிபட்டிருந்த அந்தப் பழக்காரர் கேட்டார். "பெரியவரு உள்ள கெடந்து தவிச்சாரு. தட்டித் தட்டிப் பாத்தேன். சுத்தி முத்தி யாரையும் காணும். அதான் தராசுப் படிக்கல்ல எடுத்து ஒடைச்சிட்டேன்."

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"இந்த மனுசனை உள்ள வச்சுப் பூட்டிட்டுக் குளிக்கப் போனியாக்கும்?" என்றாள் ஒருத்தி.

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். "ஐயோ, டீச்சர்! நீங்களா?"

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய். அவள் கண்ணில் இருந்தது அதிர்ச்சியா, ஏளனமா… இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க என்ன பேச்சு இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"இப்பத்தான் போனேன், பத்து நிமிசங்கூட ஆகல," என்றேன். என் குரல் எனக்கே வியப்பாக இருந்தது. வகுப்பறையில் பேசுவதுபோல் தெளிவாக வந்தது. "ஏசி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. என் பை உள்ள கெடக்கு பாருங்க. அதுக்குத்தான் ஒடைச்சிருக்கான்."

ஒடைச்சிருக்கான்! என்னைவிட மூத்தவர். 'எம்மா' என்று என்னை அழைத்தவர்.

முதல் அடி எங்கிருந்து விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. மாமாவின் பெல்ட்டைக் கழற்றுவதுபோல் வண்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

காவலர் ஒருவர் வந்தார். சாட்சி வேண்டுமே! மாமாவிடம் குனிந்து, "பெரியவரே, இந்த ஆளு பையத் திருடத்தான் ஒடைச்சானா?" என்று சத்தமாகக் கேட்டார்.

மாமா இடக்கையைத் தூக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. "சரி… சரி… சரி…"

"பாத்தியளா, அவரே சொல்லுதாரு," என்றார் காவலர்.

'இல்லை, இல்லை' என்று கத்தினார் மாமா. அது 'சரி'யாக வெளியே வந்தது. அந்த இடத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

"எழுதிக் குடுங்க டீச்சர்," என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். பிறகு, "கேஸ விடாத. இப்படிப்பட்ட ஆளுகளச் சும்மா விடக் கூடாது," என்றார். சரி என்றேன்.

அந்த வண்டிக்குப் புதுக் கண்ணாடி உடனே கிடைக்கவில்லை. செங்கோட்டைச் சாலையில் கார்க் கண்ணாடி மாட்டும் பீர் பாய், வெளியூரிலிருந்து வரவேண்டும், பன்னிரண்டு நாளாவது ஆகும் என்றார். அதுவரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்தார். படபடவென்று அடிக்கும் அந்தத் தாளோடு நான் பள்ளிக்குப் போய்வந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. நான்காம் நாள் கதையில் அவர் என்னைத் தள்ளிவிட்டு ஓடப் பார்த்தார். ஆறாம் நாள் காலை வழிபாட்டில் தலைமையாசிரியை என் பெயரைச் சொல்லி, மாணவிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அறிவுரை கூறினார். நான் கைகட்டி நின்றேன்.

கண்ணாடி வந்த அன்று, மாட்டி முடியும்வரை பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பீர் பாய் கதவின் உட்பக்கத்து அட்டையைக் கழற்றினார். கதவின் வயிற்றுக்குள் கல்லுப்பு போல் சில்லுகள் கிடந்தன. உறிஞ்சும் குழாயை விட்டு நெடுநேரம் எடுத்தார். ஒரு சில்லு மிஞ்சினாலும் புதுக் கண்ணாடியில் கீறல் விழும் என்றார். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் ஓட்டத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு பின் இருக்கையின் இடுக்கில் விரலை விட்டு, இடது ஓரத்திலிருந்து சில சில்லுகளை எடுத்தார்.

"டீச்சர், பெரியவரு எந்தப் பக்கம் இருந்தாரு?"

"வலது பக்கம். எனக்குப் பின்னால."

"பை?"

"முன் சீட்டுல… இடது பக்கம்."

அவர் முன்கதவையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "பை முன்னால கெடந்தா முன்கதவுக் கண்ணாடியத்தான ஒடைப்பான்? பெரியவரு பக்கம் ஒடைச்சா சில்லு பூரா அவரு மேல விழும். அதுக்குத்தான் இந்தப் பக்கமா சுத்தி வந்து ஒடைச்சிருக்கான்."

"எனக்கு எப்படித் தெரியும் பாய்?"

என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். புதுக் கண்ணாடியை ஓட்டத்தில் இறக்கி, திருகுகளை முடுக்கி, பொத்தானை அழுத்தி நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினார். சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. துணியால் துடைத்தார். "பாத்துக்கிடுங்க. உடைஞ்ச தடமே இல்ல," என்றார்.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இதுவரைக்கும் நான் ஒப்புக்கொண்டதெல்லாம் அவமானத்துக்குப் பயந்த ஒருத்தியின் பொய். அது உங்களுக்குப் புரியக்கூடும். சிலர் இரங்கக்கூடும். இரங்காதீர்கள்.

நான் வண்டியை விட்டுப்போய் ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அருவியில் நிற்கும்போதே அரை மணி நேரம் கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஏசி நின்றிருக்கும் என்பதும் தெரியும். வெயிலில் நிற்கிறது, கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன… எல்லாமே தெரியும். தெரிந்தே இரண்டாம் முறை வரிசையில் போய் நின்றேன்!

அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று தண்ணீருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சில நிமிடங்களில் நான் யாராக இருந்தேன்? கண்ணாடியை உடைத்தபோது சுடலைமுத்து அவளைத்தான் வெளியே இழுத்துப்போட்டுவிட்டார். அதற்காகத்தான் அவரை நான் பிடித்துக்கொடுத்தேனோ… என்னவோ.

மாமா அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ஊட்டினால் வாயைத் திறப்பார். துடைத்தால் கையைக் கொடுப்பார். மகன் வந்தால் 'சரி' என்பார். எதிர்வீட்டுக்காரர் வந்தால் 'சரி' என்பார். என்னிடம் மட்டும் அந்த ஒரு சொல்லையும் பிறகு அவர் சொல்லவில்லை. தை மாதம் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். "நீ பாத்தமாரி எங்கப்பாவ யாரும் பாத்திருக்க மாட்டாங்க," என்று கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வழக்கில் என்னைச் சாட்சிக்கு அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். அங்கே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அழைப்பு வரவே இல்லை.

அடுத்த ஆண்டு ஆடிக் கடைசியில் கணவர் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போவோம் என்றார். சூரியகாந்தி பூத்திருந்தது. சாலையோரம் முழுக்கக் கார்கள். கணவர் கைப்பேசியோடு வயலுக்குள் இறங்கினார். நான் வண்டியருகே நின்றேன். வயலுக்குள் மிதிக்காதபடி ஆட்களைத் தடுத்துக்கொண்டிருந்த காவலாளி என்னை நோக்கி வந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி மாட்டியாச்சு போலுக்கே," என்றார்.

சுடலைமுத்து.

"பெரியவரு நல்லா இருக்காரா?"

"நல்லா… இருக்காங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்காதீர்கள். பொய் எனக்கு இப்போது முதலில் வருகிறது.

"அன்னைக்குக் கண்ணு சொருகிட்டு அவருக்கு." வலக்கையால் தலைத்துண்டைச் சரிசெய்தார். இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டே நின்றன. என் பார்வை போன இடத்தைக் கவனித்திருக்க வேண்டும். "நரம்பு அறுந்துட்டு. தள்ளுவண்டி தள்ள முடியல. அங்கன எடமும் குடுக்க மாட்டேனுட்டாங்க."

"கேஸு…" என்றேன்.

"ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டா சட்டுனு முடிஞ்சிரும், இல்லாட்டி வருசக்கணக்கா அலையணும்னு வக்கீலு சொன்னாரு. ஆமா, திருடத்தான் ஒடைச்சேன்னு ஜட்ஜய்யா முன்னால சொல்லிட்டேன்."

வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயலைப் பார்த்தபடி சொன்னார். "எம் மவ ஒங்க பள்ளிக்கூடத்துலதான் பதினொண்ணு சேரணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அங்கதான் நல்லாச் சொல்லிக்குடுக்காங்களாம். நான்தான் வேண்டாம்னுட்டேன். அங்கன எல்லாருக்கும் கதை தெரியும்லா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னார். அந்தக் களைப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்… அதற்குள் யாரோ பூவை ஒடிக்க, அவர் "ஏலே, ஒடிக்காத!" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடினார்.

கணவர் திரும்பி வந்தார். "யாரு அது? தெரிஞ்சவரா?"

"தெரியல," என்றேன். "வண்டியத் தள்ளி நிப்பாட்டச் சொன்னாரு."

வீட்டுக்கு வந்ததும் கணவர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.

செய்யாத குற்றத்தை அவர் நீதிமன்றத்தில் நின்று ஒப்புக்கொண்டார். செய்த குற்றத்தை நான் இந்தத் தாளில், பெயர் போடாமல் ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்… என்னை இதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றாது உங்களுக்கு.

அந்த மகள் இப்போது கடையத்தில் படிக்கிறாளாம். தினமும் இரண்டு பேருந்து மாறிப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். சுந்தரபாண்டியபுரம் என் வீட்டிலிருந்து இருபது நிமிடப் பயணம். போன ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லைவரை போனேன். வண்டியை ஓரங்கட்டி, சொல்ல வேண்டியதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிழையில்லாமல் வந்தது.

திரும்பி வந்துவிட்டேன்.