நிலைவாசல் ஆணி

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் நிலைவாசலில் ஓர் ஆணி இருந்தது. அதை அடித்தவள் என் சித்தி. வேப்பிலைக் கொத்து மாட்டுவதற்கென்றே அடித்தாள்.

சித்தியின் மகனுக்கு, என் தம்பிக்கு, முதலில் போட்ட தடுப்பூசியில் தொடை வீங்கி, காய்ச்சல் கண்டு, விடிய விடிய அழுதான். அன்றிலிருந்து ஊசி என்றாலே அவளுக்கு ஆகாது. "நல்லா கீற புள்ளைக்கு ஊசி போட்டு நோவ எதுக்குக் கூப்புடணும்?" என்பாள். ஆனால் நர்ஸம்மாவை முகத்துக்கு நேராக மறுக்கவும் தைரியம் கிடையாது. அதனால் மாதம் ஒருமுறை அவர் ஊசி போட வரும் புதன்கிழமைகளில் காலையிலேயே வாசலில் வேப்பிலையை மாட்டிவிடுவாள். அம்மை போட்ட வீட்டில் வெளியாள் கால் வைக்கக் கூடாது. நர்ஸம்மா தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தட்டம்மைக்கான ஒன்பதாம் மாத ஊசி அப்படித்தான் தவறிப்போனது.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை. விடியலில் மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கப் போய்த் திரும்பிய சித்தி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். ஆணியில் வேப்பிலை தொங்கியது. இலையில் ஈரம் காயவில்லை.

"யாரு கட்டுனது?" என்றாள்.

நான் இல்லை. அம்மா இல்லை. சித்தப்பா ராத்திரி வேலைக்குப் போனவர், இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. இன்றுவரை யார் என்று எங்களுக்குத் தெரியாது. தூளியில் தம்பி சத்தமில்லாமல் கிடந்தான். கண் சிவந்து, உடம்பு கொதித்தது. காதுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்புகள் கிளம்பியிருந்தன.

தெருவில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது. "இந்த மாசமும் ஆத்தாவா?" என்று சிரித்தார். சித்தி கதவு வரை ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றுபோனாள். இந்த முறை நிஜமாகவே யாரும் உள்ளே வரக் கூடாது. செருப்புச் சத்தம் தெருக்கோடிவரை போய் அடங்கியது.

"நாந்தானே மாசாமாசம் கூப்ட்டுக்கினே இருந்தேன். வந்துட்டா," என்றாள் சித்தி.

தம்பி பிழைத்தான். கண்கள் இரண்டும் போய்விட்டன. "ஆத்தா உன் கண்ணக் கேட்டா, குடுத்துட்டோம்," என்று சொல்லியே அவனை வளர்த்தாள். அவனும் ஆத்தாவைக் கோபித்துக்கொள்ளாமல் வளர்ந்தான். எனக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் ஆத்திரமாக வரும்.

போன ஆடியில் சித்தியும் தம்பியும் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மகளுக்கு ஒன்பது மாதம். ஆடி வெள்ளிக்காக வீட்டுக்கார அம்மா எல்லா வாசலிலும் வேப்பிலை கட்டியிருந்தார். ஊசிக்குக் கூப்பிட வந்த இளம் நர்ஸ் அதைப் பார்த்ததும் கேட் அருகிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ள யாருக்காவது அம்மா போட்டுக்குதா?"

சித்தி எழுந்து ஓடினாள். கொத்தைப் பிய்த்துக் கையில் கசக்கிக்கொண்டு, "யாருக்கும் இல்லம்மா. நீ உள்ள வா," என்றாள்.

கசங்கிய இலையின் வாசனை கூடத்துக்குள் வந்தது. நாற்காலியில் இருந்த தம்பி முகத்தைத் திருப்பினான்.

"வேப்பல வாசன வருது. யாரும்மா கட்டுனது?"

வீட்டுக்கார அம்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சித்தி என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள். பிறகு அவன் காலருகே போய் உட்கார்ந்தாள்.

"நாந்தாண்டா. அப்பவும் ஊசிக்குப் பயந்து நாந்தான் கட்டிக்கினே இருந்தேன்."