லிஃப்டில் ஒட்டிய காகிதம்

கொல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு அதிகாரம் என்று பார்த்தால் தண்ணீர் மோட்டாரும் துர்கா பூஜைப் பந்தலும்தான். ஆனால் போன தடவை நடந்த தலைவர் தேர்தலைப் பார்த்திருந்தால், நாட்டுக்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஒரு பக்கம் எங்கள் எதிர் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். அவரைத் தாதா என்றும் அவர் மனைவியை பௌதி என்றும் கூப்பிடுவேன். அண்ணன், அண்ணி முறை. மறுபக்கம் மூன்றாம் மாடித் தமிழர், கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்தவர். இங்கிருக்கும் ஆறு தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் தலைவருக்கு நிற்பது அதுவே முதல் தடவை. ‘நம்ம ஆளு’ என்ற நினைப்பு எனக்குள்ளும் புகுந்துகொண்டது.

முதல் வாரம் மரியாதையாகத்தான் போயிற்று. பிறகு தாதாவின் ஆட்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டார்கள். துர்கைக்கு முன்னால் வாழை இலையில் இட்லி. மெட்ராஸி ஜெயித்தால் இனி இதுதான் பிரசாதம் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் பக்கம் சும்மா இருக்குமா? தாதா தன் மாடிக்கு மட்டும் கொசு மருந்து அடிக்க வைக்கிறார் என்று கிளப்பிவிட்டோம். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் மாடிதான் என் மாடியும், கொசு என்னை விட்டுவைக்கவில்லை. இருந்தும் அந்தச் செய்திக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, எதிர் வீட்டுப் பால்கனியை ஒட்டிய எங்கள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டே துறைமுகத்தாரின் மனைவியுடன் ஃபோனில் பேசினேன். கொல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் எதிரே நிற்பவரைப் பற்றியே தமிழில் பேசுவோம். யாருக்குப் புரியப்போகிறது? அந்தத் தைரியத்தில் வாய் நீண்டுவிட்டது.

“தாதாவுக்கு இதயத்துல வால்வு கோளாறு. ஆறு மாசத்துக்கு ஒருக்க வேலூருக்குப் போறாரு. ரெண்டு வருசம் தாங்குவாரான்னே தெரியல, இதுல தலைவர் பதவி வேற.”

சொல்லி முடித்த பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. தாதா தன் நோயை எல்லோரிடமும் மறைத்தார். தெற்கே கோயில்களுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். உண்மை தெரிந்தது கொஞ்ச தூரம் தள்ளி ஜாதவ்பூரில் இருக்கும் அவர் தம்பிக்கும் எங்கள் வீட்டுக்கும்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஆபரேஷனுக்காக இருவரும் நான்கு மாதம் வேலூரில் தங்கியபோது, அறை பிடித்துக் கொடுத்தது என் சித்தி மகள்.

“யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா” என்றேன். சரி என்றார்.

மறுநாள் காலை லிஃப்டில் ஒரு காகிதம். தலைவரைப் பார்க்க இனி வேலூருக்கு ரயில் ஏற வேண்டும் என்று வங்காளத்தில் நாலு வரிப் பாட்டு, கீழே படுக்கையில் கிடக்கும் ஒருவரின் படம். கிழித்துச் சுருட்டினேன். அடுத்த பிளாக்கிலும் அதே காகிதம். அதற்குள் எல்லார் ஃபோனுக்கும் போய்விட்டிருந்தது. துறைமுகத்தாரின் மனைவியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். “எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றார்.

அதன்பிறகு அவர்கள் முகத்தில் விழிக்கவே பயந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். குப்பை எடுக்கிறவர் மணியடித்தாலும் கணவரைத்தான் கதவு திறக்க அனுப்புவேன். “அவங்க யாரைச் சந்தேகப்படுவாங்க? உன்னையத்தான்” என்றார் என் கணவர், ஆறுதலாக.

தாதா தோற்றார். என் ஓட்டும் துறைமுகத்தாருக்குத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து தாதா எங்களைத் தேநீருக்கு அழைத்தார். கணவர் வரவில்லை. சோபாவில் சாய்ந்திருந்த தாதா மிகவும் இளைத்திருந்தார்.

“தம்பிதான்” என்றார் வங்காளத்தில். “வேற யாருக்கும் தெரியாது. அவன் பெண்டாட்டி அந்தத் துறைமுகக்காரரோட ஆபீஸ்ல இருந்தவ. இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். உங்க வீட்டைச் சந்தேகப்பட்டா அது எனக்குப் பாவம்.”

என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “தாதா, உங்க தம்பி…” என்று ஆரம்பித்தேன்.

தட்டோடு வந்த பௌதி குறுக்கே பேசினார். தமிழில். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்ற தமிழ், சொல் சொல்லாக வந்தது.

“நீ பால்கனி பேசினது நான் கேட்டேன். எல்லாம் புரிஞ்சுது. அவர்கிட்ட சொல்லாதே.”

தாதா ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி பாவம், பௌதி” என்றேன், நானும் தமிழிலேயே.

“பாவம்தான். தம்பி ஜாதவ்பூர். நீ எதிர் வீடு. இவருக்கு வலி வந்தா, நான் யார் கதவு தட்டுறது?”

பௌதி என்னை நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. அவர் என்னை மன்னிக்கவில்லை. பயத்தில் என்னை விடாமல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“என்ன பேசிக்கிறீங்க?” என்று கேட்டார் தாதா.

“ரசப்பொடி கேக்கறேன்” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, பௌதி தேநீரை என் கையில் கொடுத்தார். குடித்தேன். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை.

போன மாதம் அவர்களை வேலூருக்கு ரயிலேற்றிவிட ஹௌரா போனோம். முன்பெல்லாம் அது தம்பியின் வேலை. பெட்டிகளை என் கணவர் ஏற்றினார். தாதா ரயில் வாசலில் நின்று என் தலையில் கை வைத்தார். “கூடப் பிறந்தவன் செய்யலை, நீ செய்யறே” என்றார். நான் ரயில் கிளம்பும்வரை தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.