ஈரம் காயாத குண்டான்

என் சித்தப்பா பொய் சொன்னார். அவர் இன்னும் செல்லூரில்தான் இருக்கிறார். இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அது சண்டைக் காலம். புது அலுமினியம் எல்லாம் விமானம் செய்யப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடையில் தகடு கிடையாது. ஊரில் உள்ள ஓட்டைச் சட்டியும் நசுங்கின குண்டானும் எங்கள் கொல்லைக்கு வந்தன. அப்பா அவற்றை உருக்கிக் கரண்டியும் மூடியும் வார்ப்பார். சித்தப்பா துருத்தி ஊதுவார், பழசை உலையில் போடுவார். ஒருத்தி தூக்கிப் போட்ட சட்டி இன்னொருத்தி அடுப்பங்கரைக்குக் கரண்டியாகப் போவது எட்டு வயதில் எனக்குப் பெரிய வேடிக்கை.

அப்பாவுக்கு ஒரே கண்டிப்புதான். பழசைத் தட்டி நசுக்கி, உலை விளிம்பில் அடுக்கி, கை வைக்க முடியாத சூடு ஏறிய பிறகே உருகின உலோகத்துக்குள் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் அடிக்கவே வருவார்.

அன்று விடியற்காலையில் மழை. கொல்லையில் கிடந்த பழசெல்லாம் நனைந்து போயிற்று. சித்தப்பாவுக்கு மத்தியானம் சினிமாவுக்குப் போக வேண்டும். அப்பா உலையின்மேல் குனிந்து கசடு வழித்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சிருச்சாடா?"

"எல்லாம் காஞ்சிருச்சுண்ணே. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

சித்தப்பா கையில் இருந்தது குவியலின் அடியிலிருந்து எடுத்த குண்டான். அதன் மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். சித்தப்பா திரும்பி முறைத்தார். மூடிக்கொண்டேன். அவர் குண்டானை உலைக்குள் போட்டார்.

வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். உருகின அலுமினியம் கூரை வரை தெறித்தது. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டார்.

அம்மா அப்போது வீட்டுக்குத் தூரமாகி, பின்கொட்டகையில் தனியாக இருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள் கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரக்கூடாது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சித்தப்பா எல்லார் முன்னாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"காலைல ஒங்காத்தாளத் தொட்டியா? நெசத்தச் சொல்லு."

காலையில் அம்மாதான் எனக்குத் தலை சீவிவிட்டிருந்தாள். தொட்டது நிஜம். தலையாட்டினேன்.

"கேட்டீகளா! தீட்டோட உலைக்கிட்ட வந்திருக்கு. வெடிக்காம என்ன செய்யும்? மதினி எதுக்குப் பிள்ளையத் தொடணும்?"

ஒரு கிழவர் "தெய்வக் குத்தம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளே அம்மாவைத் திருமங்கலம் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்கு வண்டியேற்றினார்கள். வண்டியில் ஏறும்போதும் என்னைத் தொடாமல் தள்ளியே நின்றாள். என் கையால்தான் அப்பாவுக்குக் கண் போயிற்று என்று நான் நம்பினேன். எதைத் தொட்டாலும் வெடிக்கும் என்று பயம். சோற்றுத் தட்டைத் தொடவும் பயம். அது அலுமினியத் தட்டு.

உருகின உலோகத்துக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் மாட்டினால் போதும், ஆவியாகிப் போக வழி இல்லாமல் எல்லாவற்றையும் தூக்கி எறியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். கண்கட்டோடு படுத்திருந்த அப்பா, தம்பியை விட்டால் உலையை நடத்த ஆள் இல்லை என்று வாயைத் திறக்கவில்லை. இது புரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அதற்குள் அம்மா பிறந்த ஊரிலேயே செத்துப்போனாள். அப்பாவும் போய்விட்டார்.

சித்தப்பா, இன்று நீங்கள் கோயில் கூட்டத்தில் நடுவில் உட்கார்ந்து ஊருக்கு நியாயம் சொல்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். அந்தக் குண்டான் காய்ந்திருந்ததா, இல்லையா? அம்மாவைப் பழித்தது எல்லார் முன்னாலும்தானே. பதிலையும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்.