மூன்றாம் வகுப்பில் விழுந்த அறை

மாதா கோயிலின் பங்குப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவள், கன்னியாஸ்திரீகள் மடத்தை மூடிக்கொண்டு போனபிறகு தலைமையாசிரியை ஆனாள். பேருக்குத்தான் பதவி. சுவரில் ஆணி அடிக்கக்கூடப் பள்ளித் தாளாளரான பங்குத்தந்தை தலையாட்ட வேண்டும். கூரை ஒழுகினால் மட்டும், "அது உங்க பொறுப்பு டீச்சர்" என்பார்.

அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் போனது. வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்ன மூன்றாம் வகுப்புச் சிறுமியைக் கணக்கு வாத்தியார் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார். காதில் ரத்தம். தலைமையாசிரியை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். திரும்பிய கையோடு, விசாரணை முடியும்வரை வரக்கூடாதென்று வாத்தியாருக்குக் கடிதம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பார்த்தால் அதே ஆள், அதே வகுப்பில், சாக்பீஸும் கையுமாக நிற்கிறார். கோயிலில் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவர், பங்குத்தந்தைக்கு வேண்டியவர்.

நேராகப் பங்குத்தந்தையிடம் போனாள்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் அவர், டீயைக் கலக்கியபடி. "ஏதோ கோபத்துல ஒரு அடி. மன்னிக்கத் தெரிய வேணாமா டீச்சர்?"

"மன்னிக்க வேண்டியது அந்தப் பிள்ளையோட அம்மா. அவங்ககிட்ட கேட்டீங்களா ஃபாதர்?"

"பெரிசாக்காதீங்க. உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போட்டாச்சு."

"நகல் என்கிட்ட இருக்கு."

வகுப்புக்குப் போய் வாத்தியாரை வெளியே கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. பிள்ளைகளை எழுப்பி, வரிசையாகத் தன் அறைக்குக் கூட்டிப்போய், தரையில் உட்காரவைத்துக் கணக்கு நடத்தினாள். அடுத்த நாலு நாளும் அப்படித்தான். வாத்தியார் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றார். அதற்குள் டாக்டர் சீட்டோடு புகாரைக் கல்வி அதிகாரிக்கும் அனுப்பிவிட்டாள்.

"ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான். உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் கணவர்.

"நம்ம பொண்ணு காதா இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

அவர் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போய்க் கழுவினார்.

அதிகாரி விசாரிக்க வந்தார். வாத்தியாருக்கு வேலை போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பங்குத்தந்தை, ஆணவத்தால் குடும்பங்களின் வயிற்றில் அடிப்பவர்களைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லாவிட்டாலும் அத்தனை கழுத்தும் அவள் பக்கம் திரும்பியது. இரண்டாவது வரிசையில் அவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை. பிறகு பங்குத்தந்தை, வேலையிழந்த வாத்தியாருக்காகச் செபிக்கச் சொன்னார். எல்லாரும் செபித்தார்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைமையாசிரியைக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.