இஸட்டைத் தட்டினால் ஒய் வரும்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். நஸீர் பாய் கையில் ஒரு பேப்பரோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், இதுல என் பேரு இன்னா போட்டிருக்கு, படிங்க."

ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. படித்தேன். ‘நயீர்’ என்று இருந்தது.

"செக்‌ஷன்ல எல்லாரும் ‘நாயர், ஒரு டீ’ன்றானுங்க சார். பேஜாரா இருக்கு. இந்த மிஷினு என் பேரை ஒழுங்கா அடிக்க மாட்டேங்குது."

பாய் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். நான் ஷிப்பிங் பேப்பர்களைப் பார்க்கிறவன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எப்படியோ பெயர் வாங்கிவிட்டதால், ஆபீஸில் எந்த மானிட்டர் இருண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் இந்தப் பெருமை பழசு!

பாய் நாயரானதற்குக் காரணம் ஜெர்மனி. அங்கே எங்களிடம் ஷூ வாங்குகிறவர், தன் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். ஜெர்மன் கீபோர்டில் ஒய் இருக்கிற இடத்தில் இஸட் இருக்கும்; இஸட் இருக்கிற இடத்தில் ஒய். நானோ அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடும்போது — ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி — அதனிடம் நம்மூர் கீபோர்டு என்றே சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே, இஸட் என்று அச்சடித்த பட்டனைத் தட்டினால் ஸ்கிரீனில் ஒய் வரும்.

இத்தனை நாள் இது எஸ்தருக்குப் பிரச்சினையே இல்லை. ஏன்? எஸ்தர் கீபோர்டைப் பார்ப்பதே கிடையாது. தினமும் காட்பாடியில் ரயிலேறி வரும் எங்கள் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்த கை. கண் பேப்பரில் இருக்கும், வாய் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பட்டன் மேல் என்ன எழுதியிருந்தால் அவருக்கென்ன?

காலையில் எஸ்தர், மத்தியானம் பாய். இரண்டு பேருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர். பாய்க்கு ஆள்காட்டி விரல் மட்டும்தான் டைப் அடிக்கும். எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு முறை முறைத்துப் பார்த்து, அப்புறம்தான் தட்டுவார்.

ஒருவர் பார்க்காமலே அடிப்பவர். இன்னொருவர் பார்க்காமல் அடிக்கவே தெரியாதவர். நடுவில் ஒரு ஜெர்மன் கீபோர்டு!

அன்றைக்கே சரி செய்தேன். எந்தப் பட்டன் எந்த எழுத்தைத் தர வேண்டும் என்று நாமே கட்டளை போடலாம் — லினக்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான். எக்ஸ்மாட்மேப் என்று ஒரு கமாண்ட். இரண்டே வரி. பாய் தன் பெயரை அடித்துப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து நின்றார்.

"திரும்ப நாயர் சார்."

கம்ப்யூட்டரை அணைத்தால் அந்த இரண்டு வரியும் அதற்கு மறந்துபோய்விடும். அதற்கும் வழி இருக்கிறது. வரிகளை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், லாக்-இன் செய்யும்போதெல்லாம் அதுவே எடுத்துப் படித்துக்கொள்ளும். எழுதி வைத்தேன். வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ச் சோதித்தேன். இஸட்டுக்கு இஸட். பாய் முதுகில் தட்டிக்கொடுத்தார். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

பாய்க்கும் எஸ்தருக்கும் லாக்-இன் ஒன்றுதான் என்பதும், எஸ்தரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலையில் எனக்கு ராணிப்பேட்டையில் வேலை. ஆபீஸுக்குத் திரும்பும்போது மணி மூன்று. பேக்கிங் செக்‌ஷனில் ஒரே கூட்டம். மறுநாள் கன்டெய்னரில் ஏற வேண்டிய ஐந்நூறு அட்டைப்பெட்டிகளிலும் லேபிள் ஒட்டி முடிந்திருந்தது. ‘சைஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘சியே’. ஜெர்மனியின் கடைசி எழுத்து இஸட்!

நடுவில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஜி.எம்.

"பதினோரு வருஷ சர்வீஸ். அடிச்சதை ஒரு தடவை படிச்சுப் பாக்கறதில்லையாம்மா? நாளையிலேருந்து ஸ்டோருக்குப் போ. டைப்பிங்குக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"சீக்கிரம் சீக்கிரம்னு காலைல நீங்கதான் சார் அவசரப்படுத்தினீங்க..." என்று ஆரம்பித்த எஸ்தர் நிறுத்திக்கொண்டார். "என் கை தப்பா அடிக்காது சார்" என்று மட்டும் சொன்னார்.

லேபிளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாய்க்காக நான் எழுதி வைத்த இரண்டு வரி, பட்டனைப் பார்க்காமல் அடிக்கும் எஸ்தரின் இஸட்டை ஒய்யாகவும் ஒய்யை இஸட்டாகவும் மாற்றியிருந்தது.

அப்புறம் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்... நேராக அந்தக் கம்ப்யூட்டருக்குப் போனேன். ஃபைலை அழித்தேன். மறுபடி லாக்-இன் செய்தேன். தடயம் போயிற்று. ஜி.எம்முக்கு லினக்ஸ் தெரியாது, பாய்க்கும் தெரியாது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பின்னாலேயே எஸ்தர் வந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார்."

உட்கார்ந்தார். காலையில் அடித்த அதே பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் அடித்தார். நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தார். சைஸ், ஜெர்மனி... ஒரு எழுத்து பிசகவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் சரி.

இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"அப்போ என் கைதான் சார். வயசாய்டுச்சு போல."

எஸ்தருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"உங்க கை இல்ல எஸ்தர். நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன் — பாய்க்காக ஃபைல் எழுதியது, எஸ்தரிடம் சொல்லாமல் விட்டது, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அழித்தது வரைக்கும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எழுதி வெச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல சார். அழிச்சீங்க பாருங்க..."

முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஜி.எம். அறைக்கு நானே போனேன். அவர் திட்டியதை இங்கே எழுதப் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். கடைசியில், "அந்தம்மா சீட்லயே இருக்கட்டும். நீ போய் ஒவ்வொரு பெட்டியா உக்காந்து ஒட்டு" என்றார்.

எஸ்தர் புது லேபிள்களை அடித்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்துக் கொடுத்தார். நான் ஒட்டினேன். விஷயம் தெரிந்ததும் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செக்‌ஷன் பெண்களும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள்.

"எஸ்தரம்மா, நான் நாயராவே இருந்துட்டுப் போறேன்மா. நீ ஸ்டோருக்குக் கீருக்குப் போய்டாத" என்றார் பாய்.

அன்றைக்கு எஸ்தர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பாயைப் பார்த்து!

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு தனித்தனி லாக்-இன் உருவாக்கினேன். எஸ்தர் பெயரில் ஒன்று, பாய் பெயரில் ஒன்று. இரண்டு வரி ஃபைல் பாயின் ஃபோல்டரில் மட்டும். ஆள் மாறினால் கீபோர்டும் மாறும். ஒரே பட்டன்... அவருக்கு ஒய், இவருக்கு இஸட். இரண்டுமே சரி. வீட்டுச் சண்டைகளுக்கும் இப்படி ஆளுக்கொரு லாக்-இன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எஸ்தர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள் கூப்பிட்டார்.

"சார், பாஸ்வேர்டு மாத்தணும். எப்படின்னு காட்டுங்க."

காட்டினேன். அவர் அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இனிமே என்னுதுல எதுனா மாத்தணும்னா..."

"கேட்டுட்டுத்தான் மாத்துவேன்."

"ம்" என்றார். அப்புறம், "அந்தப் பிரிண்டரு இன்னாத்துக்கு இப்படிக் கத்துது? வந்து பாருங்க. நேத்துலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அந்தப் பிரிண்டரை அவ்வளவு ஆசையாக நான் என்றைக்குமே ரிப்பேர் பார்த்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் யாருடைய கதவையும் திறக்கிற ரூட் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது — உள்ளே வரலாம் என்று சொல்ல வேண்டியது எஸ்தர்!