கம்பியை விட்டு நடந்த கஸ்தூரி

1. நாடா வைத்த பேண்ட்

அம்பத்தூரில் ஒரு சின்ன இதய கிளினிக்கில் இருபத்து மூன்று வருடம் டிஎம்டி டெக்னீஷியனாக இருந்தேன். ஆளை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, நடக்க நடக்க ஈசிஜியைப் பார்க்கிற வேலை. புடவையோடு ஏறினால் தடுக்கிவிடும் என்பதால் நாடா வைத்த பேண்ட் நான்கு வைத்திருந்தோம். அதை நீட்டினால் பெண்கள் முதலில் கேட்பது, "வெளியில ஒக்காந்துகினு கீறாரே அவரு, பார்த்துட மாட்டாரே?" என்பதுதான். நெஞ்சைப் பற்றிய கவலையெல்லாம் அதற்கு அப்புறம். அந்தப் பேண்ட்டுகளைத் துவைத்து மடித்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் தவறு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் மூச்சு வாங்கி நிறுத்தினால் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். நாற்பதைத் தொடாத பெண்கள் நிறுத்தினால் 'பயத்தால் நிறுத்தினார்' என்று எழுதிவிடுவேன். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இதயத்தில் ஒன்றும் வராது என்று சேர்ந்த புதிதில் யாரோ சொன்னார்கள். நானும் பிடித்துக்கொண்டேன். பிடித்தால் விடுகிற ஆளா நான்!

2. நாலு நிமிஷம்

கஸ்தூரிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தாள்.

"நாள் பூரா நின்னுகினேதான்க்கா கீறேன். எனக்கு இன்னா எக்சசைஸ் வேணும்?" என்றாள், உடற்பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு.

இரண்டு கையாலும் டிரெட்மில்லின் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நாலாவது நிமிஷத்தில், "நிறுத்துக்கா, முடியல" என்றாள். ஈசிஜியில் மாற்றம் இல்லை. வழக்கம்போல எழுதினேன்.

கம்பெனிக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டாள்: "எங்கம்மா நாப்பத்தஞ்சுல நெஞ்சு வலி வந்து பூட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லியேக்கா?"

"ஒண்ணுமில்ல, தைரியமா போ."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாலையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பயமா, மூச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லையே!

"கம்பியப் புடிச்சுக்கிட்டா உடம்பு வெயிட்ட கம்பி தாங்கும். அப்படியும் நாலு நிமிஷம்னா, அதுவே ஒரு ரிப்போர்ட்தான். பீரியட்ஸ் இருக்கற வரைக்கும் ஓரளவு பாதுகாப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா உடம்புல தெம்பு இல்லன்னா பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் இந்த வயசுலயே சேர ஆரம்பிச்சிடும். அவங்க அம்மா கதை வேற இருக்கு. நீங்க ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டீங்க. இனிமே அந்தப் பொண்ணு டாக்டர்கிட்டயே வராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கம்பெனி விடுகிற நேரம், ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

3. நடைமேம்பாலம்

பாதிப் படியில் என் கால் நின்றுவிட்டது. நெஞ்சு படபடக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். இரண்டு படி மேலே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி!

"இன்னாக்கா, நீயுமா?"

ஆயிரக்கணக்கானவர்களை நடக்க வைத்த நான், ஒரு நாளும் அந்த மிஷினில் ஏறியதில்லை. அந்தப் படியிலேயே அவளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வரேன். நீயும் ஏறணும்" என்றாள்.

ஏறினேன். கம்பியை விட்டு மூன்றரை நிமிஷம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கஸ்தூரிக்கு ரத்தப் பரிசோதனையில் சுகரும் கொழுப்பும் கூடியிருந்தன. மாத்திரையோடு, தினமும் வேகமாக நடக்கவும் எழுதிக்கொடுத்தார்.

எங்கே நடப்பது? அவளுக்கு வீட்டுக்குப் போனால் அடுப்பு, எனக்கு வேப்பம்பட்டில் வீடு, போய்ச் சேரவே இருட்டிவிடும். ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நடப்பது என்று முடிவு செய்தோம். லேடீஸ் கோச் நிற்கிற இடத்தில் எல்லோரும் கூட்டமாக நிற்க, நாங்கள் இருவர் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறுவிறுவென்று போவோம். வேண்டுமென்றே ஒரு ரயிலை விடுவோம். "ட்ரெயினத் தொலைச்சிட்டு தேடறாங்கப்பா" என்று பூக்காரம்மா கிண்டல் செய்வார். அந்தச் சாயங்காலங்கள் மாதிரி எனக்கு வேறு அமையவில்லை.

ஒரு வருடம் கழித்து கஸ்தூரி கம்பியைத் தொடாமல் ஒன்பது நிமிஷம் நடந்தாள். நடுவில், "வெளியில ஒக்காந்துகினு கீறாரே எங்க வூட்டுக்காரு, அவரக் கூப்புடுக்கா, பாக்கட்டும்" என்றாள், அதே நாடா பேண்ட்டில்.

அதற்கப்புறம் எந்தப் பெண் நிறுத்தினாலும், ஏன் நிறுத்தினாள் என்று அவளையே கேட்டு, அவள் சொன்னதையே எழுதினேன். நான் கற்றது அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு நாள் பிளாட்பாரத்துக்குப் பால்கோவா கொண்டுவந்தாள். என்ன விசேஷம் என்றேன்.

"இன்னிக்கி எனக்கு நாப்பத்தாறுக்கா."

அம்மாவின் வயதைத் தாண்டிவிட்டாள்! வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வண்டி வர இன்னும் டைம் கீது. வா, இன்னொரு ரவுண்டு போலாம்."